தொட்டாற்சிணுங்கியையும் ரோபோ கையையும் இணைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை மடியும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மடிவதற்கு முன்னால் காம்பு வழியே ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. அது காம்பின் அடியில் இருக்கும் புடைப்பை எட்டியதும் அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேறுகின்றன. தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடுவதால், விறைப்பு போன காம்பு தொங்கிவிடுகிறது. தசை கிடையாது, நரம்பு கிடையாது, ஆனாலும் சென்சார், வயர், மோட்டார் மூன்றும் உள்ளேயே இருக்கின்றன. ரோபோ செய்கிறவர்களுக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

செடியிலிருந்து ரோபோவுக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, செடி செய்வதை இயந்திரத்தில் செய்து பார்ப்பது. இத்தாலியில் பார்பரா மட்சொலாய் குழு 2012-இல் தொடங்கிய 'பிளான்டாய்டு' அப்படித்தான்: நுனியில் ஒரு குட்டி முப்பரிமாண அச்சுப்பொறியை வைத்து, பிளாஸ்டிக் இழையை உருக்கிச் சுற்றிச் சுற்றித் தன்னையே நீட்டிக்கொண்டு மண்ணுக்குள் போகும் செயற்கை வேர். (அவர் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் சுருக்கினால் ஐ.ஐ.டி.தான். அது இத்தாலியத் தொழில்நுட்பக் கழகம், நம்மூர் ஐ.ஐ.டி. இல்லை.) இன்னொன்று, உயிருள்ள செடியையே கருவியின் ஒரு பாகமாக்குவது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சென் சியாவ்டோங் குழு 2021-இல் வெளியிட்ட வேலை இந்த வகை. பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் பொறியை, அதாவது மூடிக்கொள்ளும் இலையை, ஒரு ரோபோ கையின் நுனியில் பொருத்தி, மின்சாரத்தால் மூட வைத்து, அரை மில்லிமீட்டர் தடிமன் கம்பியைத் தூக்க வைத்தார்கள்.

இங்கே நான் பேசப்போவது இரண்டாவது பாதையை, அதுவும் மேசை மேல் செய்யக்கூடிய அளவில். செடியின் துடிப்பைப் பிடித்து, பெருக்கி, ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதக்கூடிய சின்ன போர்டுக்குக் கொடுத்து, ஒரு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) கையை மூட வைக்க வேண்டும். படிக்கும்போது அரை நாள் வேலை என்று தோன்றும். எனக்கு முதல் உண்மையான துடிப்பு கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் செடி மேல் ஒரு தப்பும் இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு விளக்குத்திரி

என் அமைப்பு இதுதான். செடியில் இரண்டு எலக்ட்ரோடு (சிக்னலைத் தொட்டெடுக்கும் கம்பி முனை), தொட்டி மண்ணில் மூன்றாவதாக ஒன்று. பெருக்க ஐஎன்ஏ333 சிப், அதில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்; கெய்ன், அதாவது பெருக்கும் அளவு, 11 மடங்கு. சிப்புக்கு 5 வோல்ட், அதன் ரெஃபரன்ஸ் காலுக்கு நடுவிலிருக்கும் 2.5 வோல்ட். மண்ணில் இருக்கும் எலக்ட்ரோடும் அதே 2.5 வோல்ட்டுக்குத்தான் போகிறது. பதினோரு மடங்குதானா என்று கேட்பீர்கள். செடியின் மேற்பரப்பில் கிடைக்கும் துடிப்பு சில மில்லிவோல்ட்டிலிருந்து சில பத்து மில்லிவோல்ட் வரை இருக்கும். மனித இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போது கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டை ஒட்டித்தான். செடி இதில் நம்மைவிடச் சத்தமாகவே பேசுகிறது.

கூடவே, ஒரு பருத்தி விளக்குத்திரியை உப்புத் தண்ணீரில் நனைத்து, அதே மாதிரி ஒரு தொட்டியில் குச்சியில் கட்டி வையுங்கள். எலக்ட்ரோடு, ஜெல், வயர் எல்லாம் செடியில் போடுவது போலவே அதிலும் போடலாம். ஈரமாக இருக்கும், மின்சாரம் கடத்தும், உயிர் மட்டும் கிடையாது. கீழே எந்த அறிகுறி வந்தாலும் முதலில் திரிக்கு மாற்றிப் பாருங்கள். திரியிலும் அதே கோளாறு வந்தால் செடியை விட்டுவிடலாம், தப்பு வயரிலோ சிப்பிலோ இருக்கிறது.

அறிகுறி: கோடு அடியில் கிடக்கிறது, அல்லது உச்சியில் முட்டி நிற்கிறது

திரையில் 0 அல்லது 1023 (ஆர்டுயினோ காட்டும் மிகச் சின்ன எண், மிகப் பெரிய எண்), அசைவே இல்லை. பெரும்பாலும் மண்ணில் இருக்க வேண்டிய மூன்றாவது எலக்ட்ரோடு கழன்றிருக்கும், அல்லது அதை 2.5 வோல்ட்டுக்குப் பதில் வேறெங்கோ செருகியிருப்பீர்கள். பெருக்கும் சிப்பின் உள்ளீட்டுக் கால்கள் ஒரு சின்ன மின்னோட்டத்தைக் கசியவிடும். அது திரும்பிப் போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் மெல்ல மெல்ல ஒரு ஓரத்துக்குப் போய் முட்டிக்கொள்ளும். மண் காய்ந்திருந்தாலும் இதே கதைதான். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள்.

திரியில் நன்றாக இருக்கிறது, செடியில் மட்டும் முட்டுகிறது என்றால் எலக்ட்ரோடு செடியோடு ஒட்டவில்லை. இலை மேல் மெழுகுப் படலம் இருக்கிறது, காம்பில் ரோமம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காற்று. ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளிக் கம்பியைக் காம்பில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, மேலே ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தடவுவார்களே அந்த ஜெல்லை ஒரு கடுகளவு வையுங்கள். நிறைய வைத்தால் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொடும், அப்போது இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே தெரியாது. இதையெல்லாம் செய்யும்போது இலை கட்டாயம் மடிந்துவிடும். விரிகிற வரை காத்திருங்கள், அதற்குள் சிக்னல் தேட வேண்டாம்.

மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். மீட்டர் ஒரே திசையில் மின்சாரம் விடும், எலக்ட்ரோடு அதில் கெட்டு எண் ஏறிக்கொண்டே போகும். பயன் இல்லை.

ரோமம் நிறைந்த தண்டுகளில் எலக்ட்ரோடு ஒட்ட வைப்பது ஆய்வுக்கூடங்களுக்கும் தலைவலிதான். முன்னே சொன்ன சிங்கப்பூர் குழு இதற்கென்றே ஒரு ஜெல் செய்தது. குளிரில் திரவமாக இருந்து ரோமங்களுக்கு நடுவே இறங்கி, அறை வெப்பத்துக்கு வந்ததும் கெட்டியாகிவிடும். நமக்கு அது கிடைக்காது. கடுகளவு ஜெல்லை முக்கால் மணிக்கொரு தரம் புதுப்பிப்பதுதான் வழி. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும்.

அறிகுறி: கோடு கோடாக இல்லை, பட்டையாக இருக்கிறது

நேரக் கோட்டை விரித்துப் பாருங்கள். ஒரு நொடிக்கு ஐம்பது அலை இருந்தால் அது வீட்டு மின்சாரம். செடி, வயர், நீங்கள் எல்லாருமே ஆன்டெனாக்கள். கையைத் தொட்டி பக்கம் கொண்டுபோனால் பட்டை தடிக்கும், எடுத்தால் மெலியும். சந்தேகமே வேண்டாம்.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். மீதிப் பேருக்கு: செடிக்குப் போகும் இரண்டு வயரையும் சடை பின்னுவது போல முறுக்குங்கள், நீளத்தை இருபது சென்டிமீட்டருக்குள் வையுங்கள், பெருக்கும் சிப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சிப்பை ஓர் அடி தள்ளி வைத்து நீள வயர் இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மேசைக்கு அடியில் ஸ்பைக் பஸ்டர் கிடக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்; மேசை மேல் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு அதை மறந்திருப்போம்.

இன்னும் போகவில்லையா? வீட்டில் எவர்சில்வர் அன்னக்கூடை இருக்கும். செடியையும் சிப்பையும் அதற்குள் இறக்கி, கூடையின் விளிம்பில் ஒரு முதலைக் கிளிப்பைக் கடிக்க வைத்து, மறுமுனையைச் சர்க்யூட்டின் கிரவுண்டில் கொடுங்கள். கிளிப் போடாமல் வெறும் கூடையை வைத்தால் சில நேரம் இரைச்சல் கூடும். நான் கிளிப்பைக் கடிக்க வைத்த அந்த நொடி திரையில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: விரல் தடிமன் பட்டை சட்டென்று பென்சில் கோடானது. ஆய்வுக்கூடத்தில் இதை ஃபாரடே கூண்டு என்பார்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எங்கள் வீட்டுக் கூண்டைக் கல்யாணச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

கடைசியாக மென்பொருள். நொடிக்கு 500 சாம்பிள் எடுத்து, பத்துப் பத்தாகச் சராசரி போடுங்கள். பத்து சாம்பிள் என்பது 20 மில்லிநொடி, அதாவது 50 ஹெர்ட்ஸின் சரியாக ஒரு முழு அலை. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். செடியின் துடிப்பு ஓரிரு நொடிக்கு மேல் நீள்வதால் அதற்கு ஒரு கேடும் வராது. ஆனால் இரைச்சல் அளவுக்கு மீறி, அலையின் தலையும் அடியும் ஏற்கெனவே வெட்டுப்பட்டு வந்தால் சராசரி காப்பாற்றாது. அதனால்தான் இதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: கோடு மெதுவாக மேலே போகிறது, கீழே வருகிறது, நிற்க மாட்டேன் என்கிறது

எலக்ட்ரோடு என்ன உலோகம்? ஜம்பர் வயரின் முனையையோ செம்புக் கம்பியையோ நேராகக் குத்தியிருந்தால் பதில் அதுதான். ஈரத்தில் உலோகம் தானே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். இரண்டு முனைகளும் ஒரே மாதிரி அரிக்காது, அதனால் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும்.

வெள்ளிக் கம்பி வாங்குங்கள். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், அது வேண்டாம். பட்டறையில் சுத்த வெள்ளியில் மெல்லிய கம்பியாக இழுத்துத் தரச் சொன்னால் தருவார்கள், ஒரு சாண் போதும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, வீட்டு பிளீச்சிங் திரவத்தில் 15, 20 நிமிடம் முக்கி வைத்தால் பளபளப்பு போய் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம் வரும். அது வெள்ளிக் குளோரைடு. கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் கழிவறை கழுவும் ஆசிட் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை.

சரி, நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க: இரண்டு கம்பிகளையும் ஒரே டம்ளர் உப்புத் தண்ணீரில் வைத்து, நடுவில் மில்லிவோல்ட் அளங்கள். நாலைந்துக்குள் நின்றால் நல்ல ஜோடி. இருபது முப்பது காட்டினால் இன்னொரு முறை முக்குங்கள்.

எலக்ட்ரோடு சரியாக இருந்தும் நகர்கிறதென்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் கூடிக் குறைந்தால் இலையின் மின்னழுத்தமே மாறும்; வெள்ளிக் குளோரைடும் வெளிச்சத்துக்கு மசியும். ஜன்னலோரத் தொட்டியில் மேகம் போவதும் வருவதும் கோட்டில் தெரியும். தண்ணீர் ஊற்றினாலும் சில நிமிடங்களுக்கு ஒரு மேடு வரும். இது கோளாறு இல்லை, செடி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நிரலில் நிலையான ஒரு எல்லையை வைத்து 'இதைத் தாண்டினால் துடிப்பு' என்று எழுதாதீர்கள். கடந்த முப்பது நொடியின் நடு அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள்.

அறிகுறி: தொட்டவுடனே அழகான பெரிய துடிப்பு வருகிறது. ஆனால்...

இதை யாரும் கோளாறு என்று எடுத்துவருவதில்லை. வெற்றி என்று எடுத்துவருவார்கள். நானும் அப்படித்தான் ஒரு வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். தொட்ட மாத்திரத்தில் துடிப்பு, ரோபோ கை மூடுகிறது, கைதட்டல். அப்புறம் ஒரு நண்பர் கேட்டார்: "தொடாமல் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால்?" துடிப்பு வந்தது. திரியில் மாட்டித் தொட்டேன். அதே துடிப்பு, அதே அழகு. நான் அளந்துகொண்டிருந்தது என் விரலில் இருந்த நிலைமின்சாரத்தையும் வயர் ஆட்டத்தையும். செடி பாவம், சும்மா நின்றுகொண்டிருந்தது.

உண்மையான துடிப்பை எப்படி அடையாளம் காண்பது? ஒன்று, அது தாமதமாக வரும். தொட்டாற்சிணுங்கியில் துடிப்பு நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போகும், எறும்பு வேகம். சிற்றிலை நுனியைத் தொட்டு, எலக்ட்ரோடு நாலு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு நொடிக்கு மேல் எதுவும் நடக்கக் கூடாது. கண்ணாலேயே பார்க்கலாம்: சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டு வரும், அந்த வரிசை எலக்ட்ரோடை நெருங்கும்போது கோடு எழும். தொட்ட நொடியிலேயே எழுந்தால் அது செடியில்லை.

அடுத்து, அளவு. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் துடிப்பு ஒரே உயரத்தில், ஒரே வடிவில் வரும். வந்தால் முழுசாக, வராவிட்டால் இல்லவே இல்லை. நம் நரம்புத் துடிப்பின் சுபாவமும் இதுதான். அழுத்தத்துக்குத் தக்கபடி உயரம் மாறினால் நீங்கள் வயரை ஆட்டுகிறீர்கள். அப்புறம், உடனே மறுபடி தொட்டால் உண்மையான துடிப்பு வராது, செடிக்கு ஓய்வு வேண்டும். போலித் துடிப்புக்கு ஓய்வு தேவையில்லை, பத்து முறை தொட்டால் பத்து முறை வரும். பத்துக்குப் பத்து வருகிறதே என்று மகிழ்ந்தால் அங்கேதான் மாட்டினீர்கள்.

விரலால் தொடுவதை விடுங்கள். நீளமான மூங்கில் குச்சி நுனியில் ஓவியத் தூரிகையைக் கட்டித் தொடுங்கள். அதைவிட நல்லது, ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு. சிற்றிலை மேல் விட்டால் போதும், குளிர்ச்சியே துடிப்பைக் கிளப்பும். சொட்டு உருண்டு ஜெல்லில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீக்குச்சியால் இலை நுனியைச் சுட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அதில் வருவது வேறு வகை அலை, மெதுவாக எழுந்து நீண்ட நேரம் இழுக்கும், ஒவ்வொரு முறையும் வடிவம் மாறும். காயத்துக்கு வரும் அலை அது. கையை மூட வைக்க அது உதவாது, செடிக்கும் நல்லதில்லை.

இந்தச் சந்தேகம் பழசு. டார்வின் கேட்டுக்கொண்டதன் பேரில் 1873-இல் ஜான் பர்டன் சாண்டர்சன் வீனஸ் ஃப்ளைட்ராப்பில் முதன்முதலாக மின் துடிப்பை அளந்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத காலம். பிறகு ஜகதீஷ் சந்திர போஸ் தொட்டாற்சிணுங்கியில் வருடக்கணக்காக வேலை செய்தார். செடிக்கு நரம்பு மாதிரி ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை. அளக்கும் கருவி ஏமாற்றுகிறதா, செடி பேசுகிறதா என்ற கேள்வி அன்றைக்கும் மேசை மேல் இருந்ததுதான்.

அறிகுறி: ஈ.சி.ஜி. போர்டு போட்டேன், துடிப்பு இரண்டாக உடைந்து வருகிறது

மலிவாகக் கிடைக்கும் ஏடி8232 போர்டைத்தான் போட்டிருப்பீர்கள். அது இதயத்துக்காகச் செய்தது. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் மெதுவான மாற்றங்களை வெட்டிவிடும், சுமார் 1,100 மடங்கு பெருக்கும். இரண்டு நொடி நீளும் செடித் துடிப்பு அதற்கு 'மெதுவான மாற்றம்'. அதனால் ஏறும்போது மேலே ஒரு கூர்முனை, இறங்கும்போது கீழே ஒரு கூர்முனை, நடுவில் ஒன்றுமில்லை. பத்து மில்லிவோல்ட்டை ஆயிரம் மடங்கு பெருக்கினால் பத்து வோல்ட். போர்டு ஓடுவதே 3.3 வோல்ட்டில். தலை வெட்டுப்படாமல் என்ன செய்யும்? கை மூட வேண்டும் என்பது மட்டும் நோக்கமென்றால் அந்த மேல் முனையை வைத்தே சமாளிக்கலாம். வடிவம் வேண்டுமென்றால் போர்டை மாற்றுங்கள்.

அறிகுறி: முதல் முறை வந்தது, அப்புறம் வரவே இல்லை

மணி என்ன? சாயங்காலம் ஆறு தாண்டிவிட்டால் தொட்டாற்சிணுங்கி தானே இலையை மடித்துக்கொள்ளும். பகலில் என்றால், மடிந்த இலை முழுக்க விரிய கால் மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஒரே தூண்டுதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் செடி அதைச் சட்டை செய்யாமலும் போகலாம். மோனிகா காக்லியானோ குழு தொட்டிகளைத் திரும்பத் திரும்பக் கீழே விழச் செய்து இதைக் காட்டி 2014-இல் எழுதியது. ஆபத்தில்லாத அதிர்ச்சி என்று தெரிந்ததும் செடிகள் இலையை மடிப்பதை நிறுத்திக்கொண்டன. ஆகவே ஒரு காம்பில் ஒரு மணிக்கு இரண்டு மூன்று சோதனைக்கு மேல் வேண்டாம். நாலு காம்பிலும் எலக்ட்ரோடு கட்டி, மாற்றி மாற்றி எடுங்கள்.

வீனஸ் ஃப்ளைட்ராப் வைத்திருந்தால் கணக்கு வேறு. பொறிக்குள் இருக்கும் ரோமத்தை ஒரு முறை தொட்டால் மின் துடிப்பு வரும், பொறி மூடாது. சுமார் இருபது முப்பது நொடிக்குள் இரண்டாவது முறை தொட்டால்தான் மூடும். 'சிக்னல் வருகிறது, இலை அசையவில்லை, பழுது' என்று அழைத்தவர்கள் இருக்கிறார்கள். பழுதே இல்லை, அது எண்ணுகிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ரைனர் ஹெட்ரிச் குழு 2016-இல் காட்டியபடி இரண்டாவது துடிப்பில் மூடும், மேலும் துடிப்புகள் வந்தால்தான் செரிக்கும் நீருக்கான வேலை தொடங்கும். மழைத்துளிக்காக வீணாக மூடக் கூடாதல்லவா. உங்கள் நிரலிலும் இதையே செய்யுங்கள்: ஒரு துடிப்புக்கு எல்.இ.டி. மட்டும், இருபது நொடிக்குள் இரண்டு வந்தால் கை. தவறாக மூடுவது பெருமளவு குறையும்.

அந்தச் செடி அமெரிக்காவின் கரோலினா மாகாணங்களின் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது, சத்தில்லாத மண்ணுக்குப் பழகியது. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பிலேயே செத்துப்போகும். மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் டி.டி.எஸ். 50-க்குக் கீழே உள்ள ஆர்.ஓ. தண்ணீர். ஒவ்வொரு பொறியும் சில முறைதான் மூடித் திறக்கும், பிறகு கருகிவிடும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தொட்டுக் காட்டாதீர்கள்.

அறிகுறி: ரோபோ கை தானாகவே மூடித் திறந்து ஆடுகிறது

கை மூடுகிறது, மூடும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் 5 வோல்ட் ஒரு கணம் குழிகிறது, அந்தக் குழி சிக்னலில் துடிப்பு மாதிரி தெரிகிறது, நிரல் அதை நம்பி மறுபடி கையை அசைக்கிறது. பேய் பிடித்த மாதிரி ஆடும். சில சமயம் ஆர்டுயினோவே ரீசெட் ஆகி, கை ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குத் துள்ளும்.

எஸ்ஜி90 மாதிரிச் சின்ன சர்வோவாக இருந்தாலும் யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டாதீர்கள். நாலு பென்சில் பேட்டரி தனியாகக் கொடுத்து, கிரவுண்டை மட்டும் ஆர்டுயினோவோடு சேருங்கள். சர்வோவின் இரண்டு பவர் வயருக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சர்வோ வயரும் செடி வயரும் ஒன்றாகப் படுத்திருக்கக் கூடாது. நிரலில், துடிப்பு குறைந்தது 200 மில்லிநொடி நீடித்தால்தான் ஏற்க வேண்டும். கை அசைந்ததும் நிரல் மூன்று நொடிக்குச் சிக்னலைக் கவனிக்காமல் காதை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி ஒன்றே பாதிப் பேயை ஓட்டிவிடும்.

அறிகுறி: செடியையே கையாக்கப் பார்த்தேன், மின்சாரம் கொடுத்தும் மூடவில்லை

எவ்வளவு வோல்ட் என்று யோசிக்காதீர்கள், எவ்வளவு மின்னூட்டம் என்று யோசியுங்கள். அலபாமாவின் ஓக்வுட் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் வோல்கோவ் குழு ஃப்ளைட்ராப்பை மூட ஏறக்குறைய 14 மைக்ரோகூலும் போதும் என்று கண்டது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியில் ஏற்றினால் 15 மைக்ரோகூலும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. நேர்முனை பொறியின் நடு நரம்பில், எதிர்முனை பொறியின் ஒரு பக்க மடலில். மாற்றிக் கொடுத்தால் மூடாது, ஆகவே முதலில் துருவத்தைச் சரிபாருங்கள். மூடவில்லை என்று 9 வோல்ட், 12 வோல்ட் என்று ஏற்றிக்கொண்டே போனால் திசு வெந்துபோகும். வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ள எந்த அடாப்டரையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள், பேட்டரி மட்டும்தான்.

அறிகுறி: வீட்டில் எல்லாம் சரி, கண்காட்சி அன்று மட்டும் வேலை செய்யவில்லை

ஆட்டோவில் குலுங்கி வந்ததில் இலையெல்லாம் மடிந்திருக்கும். அரங்கில் தலைக்கு மேல் வரிசையாக விளக்கு, பக்கத்து மேசையில் யாரோ வெல்டிங் மாடலைக் காட்டுகிறார்கள், ஏ.சி. காற்றில் ஜெல் காய்கிறது. ஒன்றரை மணி நேரம் முன்னால் போங்கள். தொட்டியை வைத்துவிட்டு, இலை விரியும் வரை வயர் பக்கமே போகாதீர்கள். அன்னக்கூடை, கிளிப், ஜெல், விளக்குத்திரி நான்கும் பையில் இருக்கட்டும். திரியை மேசை மேலேயே வையுங்கள்: பார்க்க வருபவர் "இது என் விரலால்தானே வருகிறது" என்று கேட்டால், வயரை அதற்கு மாற்றி அவரையே தொடச் சொல்லலாம்.

தொட்டி ஒன்று போதாது, மூன்று வேண்டும். முதல் இரண்டையும் பத்து மணிக்குள் பிள்ளைகள் தொட்டுத் தீர்த்துவிடுவார்கள். மூன்றாவதை மேசைக்கடியில், துணி போட்டு மூடாமல், கொஞ்சம் வெளிச்சம் படுகிற மாதிரி வையுங்கள். இருட்டில் வைத்தால் அது தூங்கிவிடும்.